கியோட்டோவில் ஒரே நாள், அதுவும் மழை நாள்

கேள்வி: “ஜூன் மூன்றாம் வாரம் அலுவலக வேலையாக ஒசாகா வருகிறேன், அம்மாவையும் கூட்டி வருகிறேன். கியோட்டோவுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். அது மழைக்காலம் என்கிறார்கள். சிவப்புத் தூண்கள் வரிசையாக நிற்கும் கோயிலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். மழையில் போகலாமா? கடைத்தெரு, சாப்பாடு எல்லாம் எப்படி? அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. 64 வயது, மூட்டு வலி கொஞ்சம் உண்டு.”

தாராளமாகப் போகலாம். நான் ஒசாகாவில் இருந்த வருடங்களில் ஊரிலிருந்து வந்தவர்களைக் கியோட்டோவுக்குக் கூட்டிப்போனதில் பாதி மழை நாள்தான். வெயில் நாளைவிட மழை நாளில் நிம்மதியாகப் பார்த்தோம் என்றுகூடச் சொல்வேன். ஒன்று மட்டும்: வழக்கமான “ஒரே நாளில் கியோட்டோ” பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தங்கக் கோயில் வடமேற்கு மூலையில், மூங்கில் காடு மேற்கு மூலையில், கியோமிசு கோயில் கிழக்கே மேட்டில். இடையில் நகரப் பேருந்துதான். மழை நாளில் அந்தப் பேருந்தில் ஈரக் குடைகளுக்கு நடுவே அம்மாவை நிற்க வைப்பது பாவம். ஒரே ரயில் பாதையில் நாளை முழுக்கக் கோர்த்துவிடுங்கள். அந்தப் பாதை கெய்ஹான். ஒசாகாவின் யோதோயாபாஷியில் தொடங்கி, சிவப்புத் தூண் கோயிலுக்கு வாசலிலேயே நின்று, கியோட்டோவின் ஷிச்சிஜோ நிலையத்திலிருந்து பூமிக்கு அடியில் ஓடி, கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும்.

முதலில் மழையைப் பற்றி. ஜூன் முதல் பாதியில் தொடங்கி ஜூலை நடுவரை நீளும் இந்தக் காலத்துக்கு ட்சுயு என்று பெயர். எழுத்தைப் பிரித்தால் ‘உமே மழை’. உமே என்பது நாம் பிளம் என்று சொல்லும் வகைப் புளிப்புக் காய், அது பழுக்கும் பருவத்து மழை. நம் ஐப்பசி அடைமழையை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் நாள் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். ஜப்பானியர்கள் அதை ‘ஷிதோ ஷிதோ’ என்பார்கள். கொட்டும் மழை என்றால் ‘ஸா ஸா’. ஜூலை நெருங்க நெருங்க ஸா ஸா நாட்களும் வரும்.

வானிலைச் செயலியில் 70 சதவீதம் என்று பார்த்ததும் மனம் உடைந்து போகாதீர்கள். ஜப்பானிய வானிலை மையம் போடும் அந்தச் சதவீதத்துக்கு, குறிப்பிட்ட நேரத்துக்குள் 1 மில்லிமீட்டராவது மழை விழ அவ்வளவு வாய்ப்பு என்றுதான் பொருள். மழையின் பலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பார்க்க வேண்டியது மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற எண்ணை. 1, 2 என்றால் கிளம்புங்கள். 10 முதல் 20 வரை என்றால், தரையில் பட்டுத் தெறிக்கும் நீரில் கால் நனையும் என்று அந்த மையமே ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. 20க்கு மேல் குடை பிடித்தும் நனைவீர்கள். 30ஐத் தாண்டினால் வாளியைக் கவிழ்த்த மாதிரி. 10ஐத் தாண்டினால் மலையேறும் எண்ணத்தை விடுங்கள், கீழே சொல்லும் மீதி எல்லாமே செய்யலாம்.

தெறிக்கிற நீர் என்றதும் கால் ஞாபகம் வருகிறது. மழை நாளில் எல்லோரும் குடைக்கு அலைவார்கள். குடை ஒரு பிரச்சினையே இல்லை, எந்த கன்வீனியன்ஸ் ஸ்டோரிலும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குடை சில நூறு யென்னுக்குக் கிடைக்கும். நாளைக் கெடுப்பது ஈரமான சாக்ஸ்தான். ஆளுக்கு இரண்டு ஜோடி மாற்று சாக்ஸ், ஈரத்தைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. அம்மாவுக்குப் பிடிமானம் உள்ள, காலோடு கட்டிய செருப்போ ஷூவோ. நம் ஊர் வழுவழு சப்பல் வேண்டவே வேண்டாம். இங்கே கோயில் படிகள் கல், அதில் பாசி வேறு. மறந்து வந்துவிட்டால் நூறு யென் கடையில் (வரியோடு 110) சாக்ஸ், மழைக்கோட்டு எல்லாம் இருக்கும்.

குடையில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். ஒருமுறை உடான் நூடுல்ஸ் கடை வாசலில் குடையைச் சொருகிவிட்டு உள்ளே போனேன். வெளியே வந்து பார்த்தால் தாங்கியில் பத்துப் பன்னிரண்டு கண்ணாடிக் குடைகள், எல்லாம் ஒரே அச்சு. எனது எது என்று எனக்கும் தெரியவில்லை, எடுத்துப்போனவருக்கும் தெரிந்திருக்காது. கைப்பிடி வளைந்த பழைய குடையோடு ஒசாகா திரும்பினேன்.

சரி, கோயிலுக்கு வருவோம். அம்மா சொல்வது ஃபுஷிமி இனாரி. ஒசாகாவிலிருந்து கெய்ஹான் சிறப்பு விரைவு ரயிலில் ஏறி தன்பாபாஷியில் இறங்கி, எல்லா இடமும் நிற்கும் ரயிலுக்கு மாறுங்கள். சிறப்பு விரைவு ஃபுஷிமி இனாரியில் நிற்காது, இதில் ஏமாந்தவர்கள் நிறைய. காலை 8 மணிக்குள் அங்கே இருப்பது நல்லது. கோயிலுக்குக் கதவு கிடையாது, 24 மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணமும் இல்லை. வெயில் நாளில் 10 மணிக்கு மேல் அந்தத் தூண் வரிசையில் ஆள் முதுகைத்தான் பார்ப்பீர்கள். மழைக் காலையில் சில நிமிடங்கள் யாருமே இல்லாமல் கிடைக்கும்.

கி.பி. 711இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோயில். இனாரி நெல்லுக்கான தெய்வம், பின்னாளில் வியாபாரத்துக்கும் ஆகிப்போனது. ஜப்பான் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கும் இனாரி கோயில்களுக்கு இதுதான் தலைமை. வாசலில் இருபுறமும் உட்கார்ந்திருக்கும் நரிகள் சாமி அல்ல, சாமியின் தூதர்கள். ஒன்றின் வாயில் சாவி இருக்கும் (நெற்களஞ்சியத்தின் சாவி என்பார்கள்), இன்னொன்றில் நெற்கதிர், வேறொன்றில் உருண்டை ரத்தினம். அம்மாவிடம் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு நரியாக நின்று பார்ப்பார். முன்னால் நிற்கும் பெரிய இரண்டடுக்கு வாயில் 1589இல் டோயோடோமி ஹிதெயோஷி கட்டிக்கொடுத்தது. ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த அதே ஹிதெயோஷிதான். தன் தாயாருக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு கட்டியது. அம்மாவோடு போகிறவர் அதன் கீழே ஒரு நிமிடம் நிற்கலாம்.

இனி அந்தச் சிவப்புத் தூண்கள். அவை டோரி எனும் தோரணவாயில்கள், மலை முழுக்க சுமார் 10,000 இருக்கின்றன. எல்லாம் வேண்டுதல் நிறைவேறியவர்களும் நிறைவேற வேண்டியவர்களும் நட்டவை. ஏறும்போது சிவப்பு மட்டும்தான் தெரியும். திரும்பிப் பார்த்தால்தான் ஒவ்வொரு தூணின் முதுகிலும் கறுப்பு எழுத்து: ஒரு பக்கம் கொடுத்தவர் பெயர், மறுபக்கம் நட்ட தேதி. பெயர்களில் பாதி கம்பெனிகள். நம் கோயில் டியூப்லைட்டில் “உபயம்” என்று எழுதியிருக்குமே, அதே சமாசாரம்.

மழையில் இவற்றைப் பார்ப்பதில் ஒரு தனி விஷயம் உண்டு. அந்தச் சாயத்தில் பாரம்பரியமாகச் சேர்ந்தது பாதரசத் தாது. மரம் அழுகாமல் காக்க அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்த வழி. வெயிலில் ஆரஞ்சுபோல் வெளிறித் தெரியும் நிறம், நனைந்ததும் குங்குமம் குழைத்த மாதிரி கனக்கும். தூணின் அடிப்பாகத்துக்குக் கறுப்பு அடித்திருப்பார்கள். அதில் மழைநீர் வழிந்து இறங்குவதைக் குனிந்து பாருங்கள். சில தூண்களில் அடி மரம் விரல் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்கு உளுத்திருக்கும். எத்தனை சாயம் அடித்தாலும் இந்த ஈரத்தில் மரம் காலப்போக்கில் போய்விடும், எடுத்துவிட்டுப் புதியது நடுவார்கள். அதனால்தான் பளபளவென்று புதிதும் வெளுத்துப் போன பழையதும் அடுத்தடுத்து நிற்கின்றன. அப்புறம், தூண் வரிசைக்குள் போனால் நனையாமல் இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு வாயிலுக்கு நடுவே இடைவெளி உண்டு, மழை நிற்காமல் சொட்டும். குடையை விரித்தால் இரண்டு பேர் எதிரெதிரே போக இடம் போதாது. மழைக்கோட்டு மேல்.

மலை உயரம் 233 மீட்டர். மொத்தச் சுற்று சுமார் 4 கிலோமீட்டர், முக்கால்வாசி படிகள், இரண்டு மணி நேரம் ஆகும். மூட்டு வலியோடு, ஈரக் கல்லில், அம்மாவுக்கு அது வேண்டாம். நெருக்கமான தூண் வரிசையைக் கடந்ததும் ஓகுஷா என்ற சின்ன சன்னதி வரும். முன்கோயிலிலிருந்து மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம். அதன் பின்பக்கம் இரண்டு கல்விளக்குகளும் அவற்றின் தலையில் ஆளுக்கொரு உருண்டைக் கல்லும் இருக்கும். மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு கல்லைத் தூக்க வேண்டும். எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தால் நடக்கும், கனமாக இருந்தால் இன்னும் பாடுபட வேண்டும். மழை நாளில் கல் வழுக்கும், அம்மாவுக்குப் பக்கத்தில் நீங்கள் கை கொடுங்கள். அதோடு திரும்பிவிடலாம். படத்தில் பார்த்தது எல்லாம் அந்தத் தூரத்துக்குள்ளேயே வந்துவிடும்.

கும்பிடும் முறை எளிது. வாயிலில் ஒரு சின்ன வணக்கம், நடுப்பாதை சாமிக்கு, நாம் ஓரமாக நடக்க வேண்டும். தொட்டியில் கை கழுவுவது உண்டு. உண்டியலுக்கு முன் குடையை மடக்கிவிட்டுக் காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். 5 யென் காசு விசேஷம்: ‘கோ என்’ என்றால் ஐந்து யென், ‘கோஎன்’ என்றால் நல்ல பந்தம். அம்மா கட்டாயம் செருப்பை எங்கே விடுவது என்று கேட்பார். விட வேண்டியதில்லை. ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்தோவின் கோயில் வளாகத்தில் செருப்போடுதான் நடப்பார்கள், மண்டபத்துக்குள் ஏறினால்தான் கழற்ற வேண்டும். மழை நாளில் இது பெரிய ஆறுதல்.

கோயில் முத்திரைப் புத்தகம் வாங்கி ஒவ்வொரு கோயிலிலும் மையெழுத்தும் சிவப்பு முத்திரையும் வாங்கும் வழக்கம் இங்கே உண்டு, கோஷுயின் என்று பெயர். வாங்குவதானால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையைக் கையோடு கொண்டுபோங்கள். நான் முதல்முறை துணிப்பையில் போட்டு மழையில் நடந்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் அழகான கறுப்பு எழுத்து எதிர்ப்பக்கத்தில் காக்கை மிதித்தது போல் அப்பியிருந்தது.

அங்கிருந்து கெய்ஹானில் சில நிமிடம், ஷிச்சிஜோ. ஏழு எட்டு நிமிட நடையில் சஞ்சூசன்கென்தோ. இது ஷின்தோ அல்ல, புத்த கோயில். ஆனால் மழை நாளுக்கென்றே செய்து வைத்தது போன்ற இடம். 1266இல் திரும்பக் கட்டிய, 120 மீட்டர் நீளமுள்ள ஒரே மரக்கூடம். உள்ளே ஆயிரங்கை அவலோகிதேஸ்வரர் (ஜப்பானில் கன்னோன்) சிலைகள் 1,001. பத்து வரிசையாக ஆளுயரத்தில் ஆயிரம், நடுவே பெரியது ஒன்று. கும்மிருட்டு இல்லை, ஆனால் மங்கல். வெளியே மழைச் சத்தம் மட்டும் கேட்கும். செருப்பைக் கழற்ற வேண்டும், படம் எடுக்கக் கூடாது, கை தட்டவும் கூடாது. முதல் ஜோடி ஈர சாக்ஸை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யக் காரணம் வேறு. அந்த ஆயிரம் பேருக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள் நிற்கின்றன. பலர் நமக்குத் தெரிந்தவர்கள். சமஸ்கிருத நூல்கள் சீனா வழியாக வந்தபோது கூடவே வந்தவர்கள்: இந்திரன், பிரம்மா, அலகோடு நின்று புல்லாங்குழல் வாசிக்கும் கருடன், எலும்பும் தோலுமாய்க் கோலூன்றி நிற்கும் வசு முனிவர். இரண்டு ஓரங்களிலும் காற்றுத் தெய்வமும் இடித் தெய்வமும். இடிக்காரர் முதுகைச் சுற்றி வளையமாக மேளங்கள். வெளியே பெய்துகொண்டிருக்கும்போது அவரைப் பார்ப்பது ஒரு வேடிக்கை. ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர் கருடன் முன்னால் நின்று, “இவர் இங்கே என்ன பண்றார்?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். எனக்கும் பதில் தெரியாமல் அன்று இரவு உட்கார்ந்து படித்தேன்.

மறுபடி ஷிச்சிஜோவில் ஏறினால் பாதை நிலத்தடியில். கியோன்-ஷிஜோவில் இறங்குங்கள். மழை நாள் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. ஷிஜோ தெருவின் நடைபாதைக்கு மேல் கூரை உண்டு. கிழக்குக் கோடியில் யாசாகா கோயில், அங்கிருந்து மேற்கே காமோ ஆற்றுப் பாலம் ஒன்றைத் தவிர, ஏறக்குறைய கராசுமா தெரு வரை குடையைப் பெரிதாக விரிக்காமலே நடக்கலாம். கராசுமாவுக்கும் கவாராமாச்சிக்கும் நடுவே அதே தெருவுக்கு அடியில் சுரங்கப் பாதை வேறு. யாசாகாவை மாலைக்கு வைத்துக்கொண்டு இப்போது நேராகப் பாலத்தைத் தாண்டிக் கடைப்பக்கம் போங்கள். நிஷிகி சந்தைக் கடைகள் மாலை 5, 6 மணிக்கே ஷட்டரை இறக்கிவிடும்.

ஷின்கியோகோகு, தெராமாச்சி இரண்டும் முழுக்கக் கூரை போட்ட, வண்டி வராத கடைத்தெருக்கள். நிஷிகி இவற்றிலிருந்து மேற்கே பிரியும் 390 மீட்டர் நீளச் சந்து. மேலே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கூரை, கீழே நூற்றுக்கு மேல் கடைகள். அந்தச் சந்தியில் தெருவுக்குள்ளேயே ஒரு கோயில் இருக்கிறது, நிஷிகி தென்மாங்கு. அதன் கல் தோரணவாயிலை அண்ணாந்து பாருங்கள். தெரு குறுகல், வாயிலின் மேற்கட்டை நீளம். இரண்டு முனைகளும் இருபக்கக் கட்டடச் சுவர்களுக்குள் புகுந்துவிட்டன. கோயிலுக்குள் நிலத்தடி ஊற்று, வருடம் முழுக்க ஒரே குளிர்ச்சி, குடிக்கலாம், பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். சந்தை இங்கே அமைந்ததே இந்தத் தண்ணீரால்தான். ஐஸ் இல்லாத காலத்தில் கிணற்றின் குளிர்ச்சியில் மீனை வைத்து விற்றார்கள், 1615இல் மீன் மொத்த வியாபாரத்துக்கு அரசு அனுமதி கிடைத்தது. சேவல் ஓவியங்களுக்குப் பெயர்போன இதோ ஜாகுச்சூ 1716இல் பிறந்தது இதே தெருவில், காய்கறி மொத்த வியாபாரி வீட்டில். கடைகள் மூடியபின் ஷட்டர்களில் அவர் படங்களைப் பார்க்கலாம்.

அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மீன் வாடை உண்டு. தலைக்குள் காடை முட்டை வைத்த குட்டி ஆக்டோபஸ் குச்சியில் நிற்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கட்டும், அவருக்கான கடைகளும் இடையிடையே இருக்கின்றன. இன்னொன்று, நடந்துகொண்டே சாப்பிடக் கூடாது. வாங்கிய கடையின் முன்னாலேயே நின்று முடிக்க வேண்டும்.

இப்போது சாப்பாடு. இதுதான் உங்கள் உண்மையான சிக்கல், மழை அல்ல. ஜப்பானில் “இறைச்சி இல்லாமல்” என்று கேட்டால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். ஆனால் ரசம் மாதிரி எதற்கும் அடிப்படையாக இருக்கும் தஷி எனும் சாறு, காய்ந்த கட்சுவோ மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. அதை யாரும் மீன் சாப்பாடாகவே கணக்கு வைப்பதில்லை. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், உடான் சாறு, அவித்த காய்கறி, பலகாரம் போல் தெரியும் முட்டைச் சுருள், எல்லாவற்றிலும் அது இருக்கும். வேண்டிய வாக்கியம் “சகானா நோ தஷி மோ தாபெமாசென்”, மீன் சாறும் சாப்பிடமாட்டேன். கேட்டதும் கடைக்காரர் முகம் வாடி, உள்ளே போய் சமையல்காரரிடம் பேசி, திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டால், அவர் உண்மையைச் சொல்கிறார் என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். “சரி சரி” என்று உடனே தலையாட்டும் கடையில்தான் எனக்குச் சந்தேகம்.

இனாரி கோயில் வாசலில் எல்லோரும் சாப்பிடும் இனாரி சூஷி, நரிக்குப் பிடித்ததாகச் சொல்லும் பொரித்த டோஃபு (சோயாப் பாலில் செய்த பனீர் மாதிரி) பைக்குள் சோறு. இந்தப் பக்கத்தில் நரிக் காது மாதிரி முக்கோணமாகச் செய்வார்கள். பார்க்க அசல் சைவம். அந்த டோஃபுவை இனிப்பும் சோயாவும் தஷியும் சேர்த்துத்தான் பெரும்பாலும் வேக வைக்கிறார்கள், அம்மாவுக்கு விசாரிக்காமல் கொடுக்காதீர்கள். கியோட்டோவின் புகழ்பெற்ற யுதோஃபு, அதாவது வெந்நீரில் சூடாகும் டோஃபு, சட்டியில் கடற்பாசி மட்டும்தான் இருக்கும், தொட்டுக்கொள்ளும் குழம்பில் மீன் இருக்கும். வெறும் சோயா சாஸும் துருவிய இஞ்சியும் கேட்டு வாங்கினால் தீர்ந்தது. நம்பிக்கையோடு உட்கார வேண்டுமானால் ‘ஷோஜின் ரியோரி’ என்று போட்ட இடத்தைத் தேடி முன்பதிவு செய்யுங்கள். புத்த துறவிகளின் மரக்கறிச் சமையல், கடற்பாசியும் காளானும்தான் சாறு. வெங்காயம், பூண்டுகூட இருக்காது. பாலாடை மாதிரி சோயாப் பாலில் மேலே படியும் யுபா, எள்ளில் செய்த டோஃபு, ஊறுகாய், சோறு. சுவை மென்மையாக இருக்கும், அம்மா “உப்பே இல்லையே” என்பார். பையில் கொஞ்சம் பொடியோ ஊறுகாயோ இருந்தால் குற்றமில்லை. அதுவும் முடியாவிட்டால் நகர மையத்தில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, வெட்கப்பட வேண்டாம்.

நிஷிகியில் பத்திரமாக வாங்கக்கூடியது ஷிச்சிமி, ஏழு சரக்கு மிளகாய்ப்பொடி. கியோட்டோ வகையில் சன்ஷோ தூக்கலாக இருக்கும், அது நாக்கை மரத்துப்போக வைக்கும் நம் மிளகின் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு சுவை. ஆனால் அதே சன்ஷோ போட்ட ‘சிரிமென் சன்ஷோ’ என்பதைக் கறிப்பொடி என்று எடுத்துவிடாதீர்கள், வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நெத்திலிக் குஞ்சு. கத்தரிக்காயையும் சிவப்பு ஷிசோ இலையையும் உப்பில் ஊறவைத்த ஷிபாசுகே ஊறுகாய் அம்மாவுக்குப் பிடிக்கும். சில தயாரிப்புகளில் மீன் சாறு சேர்க்கிறார்கள், லேபிளைக் கைப்பேசிக் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். சமையலில் ஆர்வம் இருந்தால் அரித்ஸுகு கத்திக் கடை, 1560இல் தொடங்கியது. வாங்கினால் கைப்பையில் வைக்காதீர்கள், விமானத்தில் பெட்டியில்தான் போக வேண்டும்.

இனிப்பில் உங்கள் நேரம் பிரமாதம். ஜூனில் மட்டும் கியோட்டோ முழுக்க மினாசுகி என்று ஒன்று விற்கும். வெள்ளை வெளேரென்று, அரிசி மாவில் ஆவி கட்டி வேகவைத்த, முக்கோணத் துண்டு, மேலே இனிப்பு ஊட்டிய சிவப்பு காராமணி மாதிரி அசுகிப் பயறு ஒரு படுகை. முட்டை, பால், மீன் எதுவும் இல்லை. பழைய காலத்தில் கோடையில் அரண்மனைக்காரர்களுக்குக் குளிர்கால ஐஸைக் குகையில் பாதுகாத்துக் கொண்டுவருவார்களாம். சாதாரண மக்களுக்கு ஐஸ் எங்கே கிடைக்கும்? உடைந்த ஐஸ் துண்டு மாதிரி மாவில் செய்து சாப்பிட்டுக்கொண்டார்கள். பயறு தோஷத்தை விரட்டுவதற்கு. ஜூன் 30 அன்று இதைச் சாப்பிட்டால் பாதி வருடத்துப் பாவம் கழியும். அதையொட்டித்தான் பல ஷின்தோ கோயில்களில் ஜூன் பிற்பகுதியில் புல்லால் ஆளுயர வளையம் கட்டி வைப்பார்கள். இடம், வலம், மறுபடி இடம் என்று எண் 8 வடிவில் அதற்குள் நுழைந்து வர வேண்டும். கண்ணில் பட்டால் அம்மாவையும் கூட்டி நுழைந்துவிடுங்கள். மழையில் நனைந்த பச்சைப் புல் வாசனை அடிக்கும். மினாசுகி கையில் எடுத்தால் நம் கொழுக்கட்டை மாவு போல் தளதளவென்று இருக்கும், பல்லில் லேசாக ஒட்டும். அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், ஊருக்குக் கொண்டுபோக ஆகாது. ஊருக்கு என்றால் யாட்சுஹாஷி, லவங்கப்பட்டை வாசனை கொண்ட அரிசி மாவுத் துண்டு. காய்ந்த வகை நாள்பட இருக்கும்.

மாலையில் டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு ஒரு மணி நேரம் வையுங்கள், கவாராமாச்சியில் தகாஷிமாயா, கராசுமா பக்கம் தைமாரு. வாசலில் ஈரக் குடைக்கு நீள பிளாஸ்டிக் உறையோ, குடையைத் துடைத்து நீரை உறிஞ்சும் கருவியோ இருக்கும். சாமான் வாங்கினால் காகிதப் பையின் மேல் ஒரு கண்ணாடித்தாள் சட்டை போட்டுத் தருவார்கள், மழை நாளில் மட்டும். ஜன்னலே இல்லாத அடித்தளத்தில் நிற்கும் விற்பனைப் பெண்ணுக்கு வெளியே மழை என்று எப்படித் தெரியும்? இந்த மாதிரிக் கடைகள் பலவற்றில் மழை தொடங்கியதும் ஒலிபெருக்கியில் ஓடும் இசையை மாற்றிவிடுவார்கள், அது ஊழியர்களுக்கான சங்கேதம். இது தெரிந்த பிறகு நான் அடித்தளத்தில் எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டே நடப்பேன். அந்த அடித்தளம்தான் உணவுப் பகுதி. மூடும் நேரம் நெருங்கும்போது பாதி விலை ஒட்டு விழும். உணவுப் பொருளுக்கு எடுத்துப்போனால் 8 சதவீத வரி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10.

சுற்றுலாப் பயணிகளுக்கு வரிவிலக்கு உண்டு, ஒரே கடையில் ஒரே நாளில் வரியில்லாமல் 5,000 யென்னோ அதற்கு மேலோ வாங்கினால். அசல் பாஸ்போர்ட் கையில் வேண்டும், நகல் செல்லாது. 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது, வரியோடு கட்டிவிட்டு நாட்டை விட்டுக் கிளம்பும்போது சரிபார்த்துத் திரும்பப் பெற வேண்டும். அம்மாவுக்கு ஒரு யோசனை: நீர் ஒட்டாத ஃபுரோஷிகி துணி. இரண்டு முடிச்சில் பையாகிவிடும், அன்றைக்கே மழையில் பயன்படும்.

கிஃபுனே போகலாமா என்று யாராவது ஆசை காட்டுவார்கள். மழைத் தெய்வத்தின் கோயில் அது. பழங்காலத்தில் அரசவை மழை வேண்டினால் கறுப்புக் குதிரையும், மழை நிற்க வேண்டினால் வெள்ளைக் குதிரையும் அங்கே காணிக்கை அனுப்பியது. நனைந்த படிக்கட்டும் சிவப்பு விளக்குகளுமாக மழையில் அதைப் போல் அழகு வேறில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கெய்ஹான் கடைசி நிலையமான தெமாச்சியானாகியில் எய்சான் ரயிலுக்கு மாறி அரை மணி நேரம், அப்புறம் மலைப்பாதையில் 2 கிலோமீட்டர். 2020 ஜூலை பெருமழையில் அந்தப் பாதையில் மண் சரிந்து, ரயில் மறுபடி ஓட 2021 செப்டம்பர் ஆனது. தூறல் நாளில் தனியாக வந்தால் போங்கள், அம்மாவோடு ஒரே நாளில் வேண்டாம். கியோமிசு பக்கம் சன்னென்சாகா படித்தெருவும் அப்படித்தான். அங்கே விழுந்தால் மூன்று வருடத்தில் உயிர் போகும் என்று ஒரு பழங்கதை, அதற்குப் பரிகாரமாகக் குட்டிச் சுரைக்குடுவை விற்கும் கடையும் அங்கேயே. ஈரக் கல்லில் அம்மா வழுக்கினால் கதையை நம்பாதவர்களுக்கும் வயிறு கலங்கும்.

இருட்டியதும் கூரை போட்ட நடைபாதையிலேயே கிழக்கே நடந்து யாசாகாவுக்கு வாருங்கள். இதுவும் 24 மணி நேரம் திறந்த, கட்டணமில்லாத இடம். ஜூலை முழுக்க நடக்கும் கியோன் திருவிழா இந்தக் கோயிலுடையது, 869இல் கொள்ளைநோய் வந்தபோது தொடங்கியது. கியோன் என்ற பேட்டைப் பெயரே புத்தர் தங்கிய ஜேதவனத்தின் ஜப்பானியப் பெயரிலிருந்து வந்ததுதான். நடுவில் நிற்கும் ஆட்ட மேடையைச் சுற்றி மூன்று வரிசையாகக் காகித விளக்குகள் எரியும். மழை நாளில் தரைக்கல் முழுக்க அந்த வெளிச்சம் கலங்கிக் கிடக்கும். ஐந்து யென் மிச்சமிருந்தால் போட்டுவிட்டு, பத்து நிமிடம் ஓரமாக நில்லுங்கள்.

அங்கிருந்து கியோன்-ஷிஜோ நிலையம் ஏழெட்டு நிமிடம். ஒசாகா திரும்ப இந்த முறை சிறப்பு விரைவு ரயிலிலேயே ஏறலாம், யோதோயாபாஷிக்கு ஏறக்குறைய 50 நிமிடம். இரண்டாவது ஜோடி சாக்ஸை ரயிலில் மாற்றிக்கொள்ளுங்கள். இருக்கையின் கைப்பிடியில் மாட்டிய குடையை இறங்கும்போது எடுக்க மறக்காதீர்கள்.